எல்லாவற்றுக்கும் ஹரி

சிங்களத்தில் ‘ஹரி’ என்றால் ‘சரி’. கண்டிக் கடைகளில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு அதற்கு வேறு அர்த்தங்களும் உண்டு. ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்பதற்கும் ஹரி. ‘பாதிதான் விளங்கியது, பரவாயில்லை’ என்பதற்கும் ஹரி. ‘என்னை விடுங்கள், நான் போகிறேன்’ என்பதற்கும் ஹரிதான். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புது ஆட்களோடு பேச எனக்கு எப்போதும் கூச்சம். ஓர் அரிசிக் கடையில் பதினெட்டு வருடமாக மூட்டை பிரித்து நிறுத்துக் கொடுக்கிறேன். பெரிய ஆட்கள் யார் எதைக் கேட்டாலும் இந்த ஒரு சொல்லைச் சொல்லித் தப்பித்து வந்தேன். தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அந்தச் சொல் என்ன செய்தது என்பதை இங்கே எழுதுகிறேன். ஸ்கூட்டரில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வாசித்தால் நல்லது.

விபத்து நடந்தது ஒரு திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட நேரம். எங்கள் வீடு ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையில் இருக்கிறது. ஏழு வயது மகள் தர்ஷினியைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் நான் கடைக்குப் போவேன். அவள் ஸ்கூட்டரில் எனக்கு முன்னால், கால் வைக்கும் பலகையில் நிற்பாள். பின்னால் உட்கார வைத்தால் தூங்கி விழுந்துவிடுவாளோ என்று எனக்கும் மனைவிக்கும் பயம். முன்னால் நின்றால் என் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருக்கிறாள், அதுதான் பத்திரம் என்று நினைத்தோம்.

அவளுக்கென்று ஹெல்மட் வாங்கவில்லை. மனைவியின் ஹெல்மட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். கீழே பொலிஸ் நிற்கும் வளைவு ஒன்று இருக்கிறது. அது வருவதற்குக் கொஞ்சம் முன்பு நான் “போடும்மா” என்பேன். அவள் போட்டுக்கொள்வாள். தாண்டியதும் கழற்றிவிடுவாள். அந்த ஹெல்மட் தலைக்காக இல்லை, பொலிஸுக்காக. அந்தப் பாதையில் பாதிப் பேர் அப்படித்தான் போகிறார்கள்.

அன்றைக்கும் “போடும்மா” என்றேன். போட்டாள். பட்டியைப் பூட்டவில்லை. பெரியவர்களின் ஹெல்மட் ஆகையால் சரிந்து கண்ணை மறைத்துவிட்டது. “அப்பா, ஒண்ணும் தெரியல” என்று சிரித்தாள். நான் இடது கையை எடுத்து அதைத் தூக்கிவிட்டேன். ஸ்கூட்டரின் பின் பிரேக் இடது கையில்தான் இருக்கிறது. பாதை இறக்கம். வண்டி வலது பக்கம் சாய்ந்து நடுக்கோட்டைத் தாண்டியது. எதிரே ஒரு முச்சக்கர வண்டி தன் பக்கத்தில் மெதுவாக ஏறி வந்துகொண்டிருந்தது. அதன் மூலையில் என் வலது தொடை அடித்தது.

தர்ஷினியின் முகம் கைபிடியில் மோதி நாடி பிளந்தது. விழுந்ததில் தோளுக்குப் பக்கத்து எலும்பு முறிந்தது. ஹெல்மட் தனியாக உருண்டு பாதையோரக் கானுக்குள் போய்விட்டது. முச்சக்கர வண்டிக்காரர்தான் இறங்கி ஓடி வந்து அவளைத் தூக்கினார். அவர் சட்டையெல்லாம் அவள் இரத்தம். “புள்ள பேசுது, புள்ள பேசுது” என்று என்னிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் பெயர் நஸீர் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

*

பிள்ளையைச் சிறுவர் ஆஸ்பத்திரிக்கும் என்னைப் பெரியவர்களின் ஆஸ்பத்திரிக்கும் கொண்டு போனார்கள். எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு நடுவில் சரிவாக முறிந்து ஒரு துண்டு மற்றதன் மேல் ஏறியிருந்தது. தொடையில் பெரிய தசைகள் இருக்கின்றன. எலும்பு முறிந்ததும் அவை சுருங்கி இரண்டு துண்டையும் இழுத்து ஏற்றிவிடும் என்று டொக்டர் படத்தைக் காட்டி விளங்கப்படுத்தினார். அதை நிமிர்த்த ‘ட்ரெக்‌ஷன்’ போட வேண்டும். முழங்காலுக்குக் கீழே மரக்கச் செய்து, எலும்பின் குறுக்கே ஒரு கம்பியைச் செலுத்தினார்கள். அந்தக் கம்பியில் கயிறு கட்டி, கட்டிலின் கால்மாட்டில் உள்ள உருளை வழியாக விட்டு, நுனியில் பாரம் தொங்கவிட்டார்கள். இரத்தம் குறைவாக இருந்ததாலும், ஒப்பரேஷனுக்கு வரிசை இருந்ததாலும் பத்து நாள் அப்படியே கிடக்க வேண்டும் என்றார்கள்.

ட்ரெக்‌ஷனில் கிடப்பது எப்படி என்று யாராவது கேட்டால், பெரிய வலி முதல் மூன்று நாள்தான் என்பேன். பிறகு வலியை விட மோசமானது ஒன்று வரும். திரும்ப முடியாது. இடது பக்கமும் முடியாது, வலது பக்கமும் முடியாது. மல்லாந்துதான் கிடக்க வேண்டும். முதுகு தீயாக எரியும். பெட்பேனுக்கு இடுப்பைத் தூக்க, தலைக்கு மேல் தொங்கும் முக்கோணக் கம்பியைப் பிடிக்க வேண்டும். யாராவது கட்டில் பக்கத்தில் வந்து நின்று பேசினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூட வழியில்லை. கண்ணை மூடலாம். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரிப் பொலிஸ் அறையிலிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். வயதானவர், நல்ல மனிதர். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, “சிங்களத்திலா, தமிழிலா?” என்று கேட்டார். தமிழ் எழுதுகிறவர் நாளைக்குத்தான் வருவார் என்றும், வேண்டுமானால் காத்திருக்கலாம் என்றும் சொன்னார். அவரை இன்னொரு முறை நடக்க வைக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

“ஹரி சேர்” என்றேன்.

அவர் எழுதத் தொடங்கினார். பிள்ளை பின்னால்தானே உட்கார்ந்திருந்தது? ஹரி சேர். ஹெல்மட் போட்டு, பட்டி பூட்டியிருந்ததுதானே? ஹரி. நீங்கள் உங்கள் பக்கத்தில் வந்தீர்கள், த்ரீவீல்தானே கோட்டைத் தாண்டி வந்தது? இந்த இடத்தில் நான் கொஞ்சம் பேசாமல் இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஹரி சேர்” என்றேன். எழுதியதை வாசித்தும் காட்டினார். ஒவ்வொரு வரிக்கும் ஹரி சொன்னேன். கையெழுத்தும் போட்டேன்.

எனக்குச் சிங்களம் தெரியாது, அதனால்தான் பிழை நடந்தது என்று பிறகு மனைவியிடம் சொன்னேன். அது பொய். பதினெட்டு வருடம் சிங்களத்தில் அரிசி விற்றவன் நான். முதல் இரண்டு ஹரியையும் வலியில், பழக்கத்தில் சொன்னேன். மூன்றாவதை விளங்கித்தான் சொன்னேன்.

*

பக்கத்துக் கட்டிலில் இராசு என்பவர் இருந்தார். மடுல்கெல்லைப் பக்கம் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டுகிறவர். இருபத்திரண்டு வருடம் அந்த வளைவுகளில் லொறி ஓட்டி ஒரு கீறலும் படாதவர், நின்ற லொறியிலிருந்து இறங்கும்போது சறுக்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு வந்திருந்தார்.

“எங்க தோட்டத்துத் தொர சிரிக்கிறாருண்ணே,” என்பார். “ஓட்டுறப்ப ஒடச்சிருந்தா மரியாத. எறங்குறப்ப ஒடச்சா என்னா மரியாத?”

சார்ஜன்ட் போன பிறகு அவர்தான் எனக்கு எல்லாம் சொன்னார். “த்ரீவீல்காரன் மேல கேஸு. பெரிய காயம்ல? புடிச்சு, பிணையில விட்டிருப்பாங்க. லைசன்ஸு கோர்ட்டுக்குப் போயிரும். வண்டி பொலிஸ் முத்தத்துல கெடக்கும். கேஸு முடியிற மட்டும் அவன் நடந்துதான் திரியணும். நீங்க யோசிக்காதீங்க, அண்ணே. தப்பு அவன் மேலதானே?”

“ம்” என்றேன்.

மனைவி செல்வி இரண்டு ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறி ஓடிக்கொண்டிருந்தாள். காலையில் பிள்ளையிடம், பகல் பார்வை நேரத்தில் என்னிடம், பிறகு மறுபடி பிள்ளையிடம். பஸ்ஸில் நின்றுகொண்டே வருவாள் போலிருக்கிறது. வந்ததும் என் கட்டில் சட்டத்தில் சாய்ந்துகொண்டுதான் மூச்சு விடுவாள். தர்ஷினியின் நாடியில் ஏழு தையல். கையைத் துணியில் தொங்கவிட்டிருக்கிறார்களாம். தலையைப் படம் பிடித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லையாம். அதைச் சொல்லும்போது செல்வி அழுதாள். பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்தாள்.

“புள்ள பின்னாடிதான் இருந்துச்சுன்னு எழுதியிருக்காமே. நல்லதுங்க. அப்பிடியே இருக்கட்டும். அவகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்.”

எனக்குப் பாரம் காலில் தொங்குகிறதா, நெஞ்சில் தொங்குகிறதா என்று தெரியவில்லை.

*

ஐந்தாம் நாள் பார்வை நேரத்தில், முக்காடு போட்ட ஒரு பெண் கையில் சாப்பாட்டுக் கெரியரோடு வந்து கட்டில் நம்பரைப் பார்த்தாள். “அந்த ஸ்கூட்டர் அண்ணா நீங்களா?” என்று கேட்டாள். நஸீரின் மனைவி பௌசியா. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மனசுல ஒண்டும் வெக்காதீங்க, அண்ணா. கோழிக் கஞ்சி கொண்டந்தேன். எலும்புக்கு நல்லம். புள்ளயப் பாத்துட்டுத்தான் வாரன். கதைக்குது, சிரிக்குது, மாஷா அல்லாஹ்.”

கதிரையில் உட்கார்ந்து கெரியரைத் திறந்தாள். இஞ்சி வாசம் வந்தது. நான் கண்ணை மூடினேன். நான் தூங்குவதாக அவள் நினைக்கவில்லை. பேசிக்கொண்டே இருந்தாள்.

“அவரு முதல்ல ஒரே பிடியா நிண்டாரு. நான் என்ட பக்கத்துலதான் வந்தன், அந்த மனுஷன்தான் கோட்டத் தாண்டினாருன்னு. நான்தான் செல்லினன். காலொடஞ்சு கெடக்குற மனுஷன் பொய் செல்லுவாரா, புள்ளட அடிய வெச்சிட்டு யாரும் பொய் செல்லுவாங்களா, நீங்க நல்லா யோசிச்சுப் பாருங்கன்னு. இப்ப அவருக்கே சந்தேகம் வந்துட்டு. நான்தான் கவனிக்கல்லையோ, கண்ணுல கோளாறோன்னு செல்றாரு. நேத்து கண் டொக்டர்ட்டயும் போனாரு.”

ஒரு கரண்டி கஞ்சியை எடுத்து என் வாயருகே நீட்டினாள். அவள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாள். அவர்கள் வீடு ஆஸ்பத்திரிக்குக் கிட்ட. ஒரு நாள் மீன் குழம்பு, ஒரு நாள் சூப். நான் ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பேன். அவள் வந்து நிற்பாள். கயிறு காலை இழுத்துப் பிடித்திருக்கும். வாய் திறக்காது. அவள் போனதும் இராசு சொல்லுவார், “குடுத்து வச்சவருண்ணே நீங்க. நம்மள அடிச்ச லொறிப் படிக்கட்டு ஒரு பிளேன்டீ கூட வாங்கித் தரல.”

வாட்டில் எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

எட்டாம் நாள் தர்ஷினிக்கு டிஸ்சார்ஜ் துண்டு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். போகும் வழியில் என்னைப் பார்க்கக் கூட்டி வந்தாள் செல்வி. சிறுபிள்ளைகளை வாட்டுக்குள் விடுவதில்லை. வாசலில் இருந்த அட்டெண்டன் நாடித் தையலைப் பார்த்துவிட்டு, “அஞ்சு நிமிஷம்” என்று விட்டார். பிள்ளை என் காலில் உள்ள கம்பியையும் தொங்கும் பாரத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு தலைமாட்டுக்கு வந்தாள்.

“அப்பா, நான் பின்னாடிதான் இருந்தேனா?”

செல்வி, “ஆமான்னு சொன்னேன்ல?” என்றாள்.

“பின்னாடி இருந்தா எனக்கு அப்பாவோட முதுகுதானே இடிக்கணும்? எப்பிடி நாடில கைபிடி அடிச்சிச்சு?” அவள் குறும்புக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே யோசித்துக் குழம்பிப் போயிருந்தாள். “எனக்கு முன்னாடி நின்ன மாதிரிதான் ஞாபகம். அம்மா அது கனவுன்னு சொல்றாங்க.”

நல்ல கண்ணுள்ள ஒருவன் கண் டொக்டரிடம் போகிறான். நடந்ததை ஒழுங்காக நினைவு வைத்திருக்கும் பிள்ளை, அது கனவோ என்று கேட்கிறது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஐந்து நிமிடம் முடிந்து அட்டெண்டன் கூப்பிட்டார்.

*

பத்தாம் நாள் காலை ஒப்பரேஷனுக்கு முதல், மயக்க மருந்து கொடுக்கும் டொக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண், சிங்களவர். இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கும்படி முதுகெலும்பில் ஊசி போடுவோம், எலும்பின் நடுக்குழிக்குள் ஓர் உலோகக் கம்பியை இறக்கி மேலும் கீழும் பூட்டுவோம், கம்பி உள்ளேயே இருக்கும் என்று நிதானமாகச் சிங்களத்தில் சொன்னார். ஹரி மிஸ். சாப்பிடவில்லைதானே? ஹரி மிஸ். மருந்து ஏதும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லைதானே? ஹரி. இடது கால்தானே?

“ஹரி மிஸ்” என்றேன்.

அவர் பேனையை மூடினார். போர்வையை விலக்கி, கம்பி குத்திய என் வலது காலைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். நான் சொன்னது எனக்கு அப்போதுதான் காதில் விழுந்தது.

“இடது காலை வெட்டச் சொல்கிறீரா?” என்று கேட்டார். கோபம் இல்லை. “இங்கே முக்கால்வாசிப் பேர் எல்லாவற்றுக்கும் ஹரி சொல்வார்கள். அதனால் ஒரு கேள்வியை வேண்டுமென்றே பிழையாகக் கேட்பேன். இனி நான் கேட்க மாட்டேன். நீரே சொல்லும். எந்தக் கால், எப்படி முறிந்தது, நாங்கள் என்ன செய்யப் போகிறோம். தமிழில் சொன்னாலும் பரவாயில்லை. எனக்குக் கொஞ்சம் விளங்கும்.”

இராசு சிரிக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “வலது கால்” என்று தமிழில் தொடங்கினேன். “தொடை எலும்பு முறிஞ்சிருக்கு. உள்ளுக்குள்ள கம்பி போடப் போறீங்க.” எப்படி முறிந்தது என்ற இடத்தில் நின்றேன். அவர் காத்திருந்தார். “நான் கோட்டைத் தாண்டிப் போய் மோதினேன்,” என்றேன்.

அவருக்கு அது வெறும் விபரம். தலையை ஆட்டிவிட்டு, நீல மார்க்கர் பேனையால் என் வலது தொடையில் பெரிய அம்புக்குறி ஒன்று கீறினார். பக்கத்துக் கட்டிலில் இராசு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஒப்பரேஷன் தியேட்டரில் இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. தச்சு வேலை மாதிரி சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. என் எலும்பில்தான் அடிக்கிறார்கள். ஆனாலும் பத்து நாளில் முதல் தடவையாக நெஞ்சு கொஞ்சம் இலேசாக இருந்தது. ஒரு தடவை சொல்லிவிட்டேன். இன்னொரு தடவையும் சொல்ல முடியும் என்று நினைத்தேன்.

*

மறுநாள் செல்வியிடம் சொன்னேன், பொலிஸைக் கூப்பிட்டு மாற்றிச் சொல்லப் போகிறேன் என்று. அவள் கெரியர் மூடியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள்.

“இப்பதான் வாய் தொறக்கப் போறீங்களாக்கும்,” என்றாள். “கல்யாணம் கட்டிப் பதினோரு வருஷம். அழுகுன தேங்காய மாத்திட்டு வாங்கன்னா கூட அந்தக் கடைக்காரன்கிட்ட வாய் தொறக்க மாட்டீங்க. நான்தான் போவேன். இதுக்கு மட்டும் தொறக்கணுமா? லைசன்ஸு போயிரும். கேஸு நம்ம மேல வரும்.”

“அந்த மனுஷன் கண் டொக்டர்கிட்ட போயிருக்காரு, செல்வி.”

“தெரியும். அந்தப் பொம்பள என்கிட்டயும் சொல்லுச்சு.” சத்தம் குறைந்துவிட்டது. “எனக்குப் பயம் லைசன்ஸுக்காக இல்லைங்க. முன்னாடி நிக்க வச்சு அனுப்புனது யாருன்னு கேப்பாங்க. தினமும் நான்தானே தூக்கி நிறுத்துனேன்? ‘நீ ஒரு தாயா’ன்னு கேட்டா நான் எங்க போவேன்?”

அவளைக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னேன். பார்வை நேரம் முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். மணி அடித்ததும் எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். “பொலிஸு வர்றப்ப நானும் இருக்கணும். எப்பன்னு கேட்டு வைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பௌசியா அன்றைக்கே மாலைப் பார்வை நேரத்துக்கு வந்தாள். அவளிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சூப்பை ஊற்றுவதற்கு முன்பே சொன்னேன். நீட்டிச் சொல்லத் தெரியவில்லை. “உங்க வீட்டுக்காரரு சொன்னதுதான் நெசம். கோட்டத் தாண்டுனது நான். பொய் சொல்லிட்டேன்,” என்றேன்.

அவள் கெரியர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பூட்டினாள். கொளுக்கி இரண்டு தடவை வழுக்கியது.

“நான் அவர நம்பல்லையே,” என்றாள். என்னைத் திட்டவில்லை. “உங்கள நம்பி அவர நம்பல்லையே.”

எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை.

*

தமிழ் எழுதத் தெரிந்த பெண் கான்ஸ்டபிள் ஒருவர் இரண்டு நாள் கழித்து வந்தார். யாழ்ப்பாணப் பக்கம். செல்வி என் தலைமாட்டில் நின்றாள்.

“சொல்லுங்கோ ஐயா. நான் கேக்கேல்லை, நீங்களாச் சொல்லுங்கோ. ஆறுதலாச் சொன்னாத்தான் எழுதலாம்.”

சொன்னேன். வளைவுக்கு முன் “போடும்மா” என்றதைச் சொல்லும்போது அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“அப்ப பொலிசுக்குப் பயந்துதான் ஹெல்மட்டோ?”

“ஆமாங்கம்மா.”

“பிள்ளையை முன்னால ஏத்த ஏலாது ஐயா. ஒராள்தான், அதுவும் பின்னால, ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்கோணும். கால் கீழ எட்டாத பிள்ளையெண்டா ஏத்தவே கூடாது. பட்டி பூட்டாத ஹெல்மட், ஹெல்மட் இல்லை. அது சட்டத்துக்கு எண்டு நினைக்காதேங்கோ. விழுற நேரம் பொலிஸ் இல்லை, தார்தான் நிக்கும்.”

“நான்தாம்மா நிறுத்தி அனுப்புவேன்,” என்றாள் செல்வி. யாரும் கேட்காமலே சொன்னாள்.

கான்ஸ்டபிள் அவளைப் பார்த்தார். “ஓம், எங்கட அக்காவும் அப்பிடித்தான் அனுப்புறவ,” என்றார். “இனி அவவுக்கும் சொல்லோணும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஐயா, முதல் சொன்னதை அழிக்க ஏலாது. அதுவும் இருக்கும், இதுவும் இருக்கும். நீதவான் ரெண்டையும் பாத்துத்தான் கேப்பார். விளங்கிச்சோ?”

“விளங்குச்சு. முதல் சொன்னது பொய். இது நெசம். அப்பிடியே எழுதுங்க.”

அவர் எழுதினார். வாசித்துக் காட்டும்போது ஓர் இடத்தில் ‘வாகனம் கோட்டைத் தாண்டியது’ என்று வந்தது. நான் நிறுத்தினேன். “வாகனம் இல்லைங்கம்மா. நான் தாண்டினேன்னு போடுங்க.” திருத்தினார்.

நஸீர் வந்தது அதற்கு மறுவாரம். அப்போது நான் உடற்பயிற்சி மிஸ்ஸோடு, நான்கு கால் உள்ள கம்பிச் சட்டத்தைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தேன். காலில் பாதிப் பாரம்தான் போடலாம். மெலிந்த மனிதர். வாட்டு வாசலிலேயே நின்றார். நான் தட்டுத் தடுமாறிக் கட்டிலுக்கு வந்து உட்காரும் வரை காத்திருந்துவிட்டு வந்தார். உட்காரவில்லை.

“எழுதிக் குடுத்ததாப் பொலிஸ்ல செல்லினாங்க.”

“மன்னிச்சிருங்க,” என்றேன்.

அதை அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. “வண்டிய விட்டுட்டாங்க. லைசன்ஸ் வழக்கு நடக்கிற அண்டைக்குத் தருவாங்களாம். அது கெடக்கட்டும். எங்கட த்ரீவீல் ஸ்டாண்ட்ல பன்னெண்டு பேர் ஈக்கிறாங்க. ஸ்கூல் புள்ளய அடிச்சவன்னுதான் இப்ப எனக்குப் பேரு. பின்னுக்கு என்னயக் காட்டிக் கதைக்கிறாங்க. தெனமும் ஏத்துற ரெண்டு ஸ்கூல் புள்ளயையும் வேறாளுக்கிட்ட குடுத்துட்டாங்க. பொலிஸ் கடதாசிய அவங்க யாரும் வந்து வாசிக்கப் போறல்ல.” கொஞ்சம் நிறுத்தினார். “கால் ஏலுமான ஒரு நாளைக்கு, வந்து உங்கட வாயால செல்லுவீங்களா?”

பன்னிரண்டு பேர் முன்னால் நின்று பேசுவது. வாழ்க்கையில் நான் ஒரு கல்யாண வீட்டில் கூட எழுந்து நின்று ஒரு வார்த்தை சொன்னதில்லை.

“வந்து சொல்றேன்,” என்றேன்.

*

வழக்கு ஒரே நாளில் முடிந்தது. கூண்டில் நின்று குற்றத்தை ஒத்துக்கொண்டேன். பொய் சொன்னதற்கு நீதவான் கடுமையாக ஏசினார். தண்டப்பணம் விதித்து, லைசன்ஸையும் ஒரு வருடத்துக்கு நிறுத்தி வைத்தார். தர்ஷினி இப்போது செல்வியோடு பஸ்ஸில்தான் பள்ளிக்கூடம் போகிறாள். அது கனவில்லை, நீ முன்னால்தான் நின்றாய் என்று அவளிடம் சொன்னேன். “எனக்குத் தெரியும்” என்றாள். ஆனாலும் மறுநாள் இன்னொரு தடவை கேட்டாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில், கக்கத்துக் கட்டையை ஊன்றிக்கொண்டு நஸீரின் ஸ்டாண்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரம். வண்டிகள் வரிசையாக நின்றன. நஸீர் என்னைக் கண்டதும் வண்டியை விட்டு இறங்கி, “இவர்தான்” என்று மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். மற்றச் சாரதிகள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். அநேகமாக எல்லோரும் சிங்களவர்கள். நான் சிங்களத்தில்தான் சொல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைப் பாடமாக்கி வைத்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தேன்.

பின்னால் நின்ற ஒருவர், “கேட்கவில்லை, பலமாகச் சொல்லும்” என்றார்.

நிமிர்ந்தேன். முகங்களைப் பார்த்து முதலிலிருந்து மறுபடி சொன்னேன். பிள்ளையை எனக்கு முன்னால் நிறுத்தித்தான் ஓட்டினேன். ஹெல்மட்டின் பட்டியைப் பூட்டவில்லை. அது சரிந்தபோது தூக்கிவிடக் கையை விட்டேன். கோட்டைத் தாண்டிப் போனது நான்.

அந்த நேரத்தில் சீருடை போட்ட சின்னப் பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அவசரமாக வந்து, எந்த வண்டி போகும் என்று கேட்டாள். வரிசையில் முதலில் நின்றது நஸீரின் வண்டி. கேட்கவில்லை என்று சொன்னாரே, அவர்தான் கையை நீட்டி அதைக் காட்டினார். அவள் பிள்ளையை முதலில் ஏற்றிவிட்டு, பிறகு தானும் ஏறினாள். நஸீர் வண்டியைக் கிளப்பினார்.

நஸீர் தன் பக்கத்தில்தான் வந்தார், நான் பொலிஸுக்குப் பொய் சொன்னேன் என்று, வண்டிச் சத்தத்துக்கு மேலாகச் சொல்லி முடித்தேன்.